ஒளி இடுக்கி – 9: எண்ணெய்ச் சொட்டும் தட்டை லென்ஸும்

சென்ற வாரம் இயற்பியலாளர் ஆர்தர் ஆஷ்கினை 1970-இல் விட்டிருந்தோம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், தண்ணீரில் மிதந்த நுண்ணிய லேடெக்ஸ் மணிகள் மீது லேசரைப் பாய்ச்சினார். ஒளி மணியை முன்னே தள்ளும் என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஓரமாகக் கிடந்த மணிகளும் கற்றையின் நடுவுக்கு இழுபட்டு வந்தன. அதை அவரே எதிர்பார்க்கவில்லை.

தள்ளுகிற ஒளி எப்படி இழுக்கும்? மணிக்குள் புகும் கதிர் வளைகிறது. வளைந்தால் அதன் உந்தம் மாறும். அந்த மாற்றத்துக்கு ஈடான எதிர்உதை மணிக்குக் கிடைக்கும். எல்லா உதைகளையும் கூட்டிக் கழித்தால், வெளிச்சம் மிகுந்த பக்கமாகவே மணி நகர்கிறது. ஒரு மில்லிவாட் ஒளி முழுக்க உறிஞ்சப்பட்டால் கிடைக்கும் விசை சுமார் 3 பிக்கோநியூட்டன். அற்பம்தான், ஆனால் ஒரு பாக்டீரியாவின் எடையைப் போல அது நூறு மடங்குக்கும் மேல்!

ஒரே கற்றையால் மணியை அந்தரத்தில் நிறுத்த, இழுவிசை தள்ளுவிசையை வெல்ல வேண்டும். அதற்கு ஒளி நன்றாக விரிந்த கூம்பாக வந்து ஒரு புள்ளியில் குவிய வேண்டும். 1986-இல் ஆஷ்கின் குழு இதைச் சாதித்தது. நோபல் வந்தபோது ஆண்டு 2018, அவருக்கு வயது 96.

அந்தக் கூம்பை உண்டாக்கும் லென்ஸ்தான் தொல்லை. உலோக உருளைக்குள் அடுக்கடுக்காகக் கண்ணாடி வில்லைகள். நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, கவர்ஸ்லிப்பை முட்டிவிடாமல் ஒட்டினாற்போல் நிறுத்த வேண்டும். எண்ணெயில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால் பிடி தளர்ந்துவிடும். துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இந்தத் தொல்லைக்கு ஒரு மாற்றுதான் மெட்டாலென்ஸ் என்ற தட்டை லென்ஸ். அதில் வளைந்த கண்ணாடியே கிடையாது. தட்டையான தகட்டின் மேல் கோடிக்கணக்கில் நானோ தூண்கள். ஹார்வர்டில் ஃபெடரிகோ கபாஸோ குழு 2016-இல் காட்டிய லென்ஸில் டைட்டானியம் டை ஆக்ஸைடு தூண்களின் உயரம் 600 நானோமீட்டர். தலைமுடிப் பருமனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. ஒளி ஒவ்வொரு தூணிலும் எவ்வளவு தாமதிக்க வேண்டும் என்பதைத் தூணின் வடிவமும் நிற்கும் கோணமும் தீர்மானிக்கும். எங்கே எந்தத் தூண் என்று கணக்குப் போட்டு நட்டால், எல்லாத் திசையிலிருந்தும் வரும் அலைகள் குவியத்தில் ஒத்த கட்டத்தில் வந்து சேரும்.

இனி மைக்ரோஸ்கோப் லென்ஸுக்கு வேலையில்லை என்பதெல்லாம் மிகை. ஒரு நிறத்துக்கென்று செதுக்கிய தட்டுக்கு வேறு நிறத்தில் குவியம் மாறிவிடும். துகளை நகர்த்தக் கற்றையைச் சாய்த்தால், எளிய வடிவமைப்புகளில் புள்ளி சீக்கிரமே சிதைகிறது. பெரும்பாலும் தட்டையோ மேடையையோதான் நகர்த்த வேண்டும்.

ஆனால் வெற்றிடத்துக்குள் எண்ணெய்ச் சொட்டோடு போக முடியாதே! அங்கேதான் இந்தத் தட்டுக்கு மவுசு. 2021-இல் பர்டூ பல்கலைக்கழகத்தினர் மெட்டாலென்ஸ் ஒன்றால் நானோ துகளை வெற்றிடத்தில் மிதக்கவிட்டார்கள். அதை ஒரு ஒளிப் பொறியிலிருந்து இன்னொரு பொறிக்கு மாற்றியும் காட்டினார்கள். அடுத்த ஆண்டே கொலராடோவின் போல்டர் நகரில் இன்னொரு குழு பிடித்தது துகளையல்ல, தனித்தனி ரூபிடியம் அணுக்களை.

அணுவைப் பிடித்து வைத்துக்கொண்டு என்ன செய்வது? குவான்டம் கணினிக்காரர்களிடம் பதில் இருக்கிறது.

(அடுத்த இதழில்)