கடல்நீர் கலந்து தீவனப்புல் வளர்க்கலாமா?

கோடையில் கடலோரக் கிராமங்களில் மாடு வளர்ப்போருக்குப் பெரிய கவலை பசுந்தீவனம்தான். "பாலைவன நாடுகளில் கடல்நீரைக் கலந்து பாய்ச்சியே புல் வளர்க்கிறார்களாமே, நாமும் செய்யலாமா?" என்று விவசாயிகள் கேட்கிறார்கள். சில புல் வகைகள் அந்த நீரிலும் வளரும். ஆனால் நம் நிலமும் கிணறும் அதைத் தாங்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எந்தப் புல் எவ்வளவு தாங்கும்?

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. அதன் மின்கடத்தும் திறன் (இ.சி.) 50-க்கு மேல். 1 பங்கு கடல்நீருடன் 9 பங்கு நல்ல நீர் கலந்தால் இ.சி. சுமார் 6 ஆகும்.

வறட்சியைத் தாங்கும் புல் எல்லாம் உப்பையும் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். அரேபியப் பாலைவனத்திலும் நம் காங்கேயம் கொறங்காட்டிலும் வளரும் கொழுக்கட்டைப் புல் வறட்சியில் நிற்கும். உப்பை ஓரளவுதான் தாங்கும்.

• தீவன மக்காச்சோளம், குதிரை மசால்: மண்ணின் இ.சி. 2-ஐ நெருங்கினாலே விளைச்சல் குறையத் தொடங்கும்.
• அருகம்புல்: 6.9 வரை குறையாது, 14.7-ல் பாதியாகும்.
• ஸ்போரோபோலஸ், டிஸ்டிக்லிஸ்: உவர்நிலப் புற்கள். உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றும். துபாயில் 1999-ல் தொடங்கிய பன்னாட்டு உவர்நீர் வேளாண்மை மையம் இவற்றை உவர்நீரில் வளர்த்து ஆய்வு செய்துள்ளது.

உப்பு எங்கே போகிறது?

ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்ச சுமார் 2 லட்சம் லிட்டர் நீர் தேவை. அதில் பத்தில் ஒரு பங்கு கடல்நீர் என்றால், ஒரே பாசனத்தில் 700 கிலோ உப்பு வயலில் சேரும். அதாவது 50 கிலோ மூட்டை 14. நீரை வெயிலும் பயிரும் எடுத்துக்கொள்ளும்; உப்பு பெரும்பாலும் மண்ணிலேயே தங்கும்.

இந்த உப்பை வேருக்குக் கீழே தள்ள, தேவையைவிட 15 முதல் 20 சதவீதம் கூடுதலாக நீர் பாய்ச்ச வேண்டும். அப்படிச் செய்தும் இ.சி. 6 உள்ள நீரால் மண்ணின் இ.சி. 9 அளவுக்கு உயரும். அருகம்புல் விளைச்சலே எட்டில் ஒரு பங்கு குறையும்.

களிமண்ணில் நீர் கீழே இறங்காது. சோடியம் மண் துகள்களைப் பிரித்து நிலத்தை இறுக்கிவிடும். மணலில் உப்பு எளிதாக இறங்கும். ஆனால் கடலோர மணலுக்கு அடியில்தான் நம் நன்னீர் ஊற்று மெல்லிய அடுக்காக நிற்கிறது. கீழே இறங்கும் உப்பு அதில் கலந்தால் பக்கத்து வீட்டுக் குடிநீர்க் கிணறும் கெடும்.

நமக்கு ஏற்ற வழி

1 பங்கு கடல்நீரைக் கலக்க 9 பங்கு நல்ல நீர் வேண்டும். அவ்வளவு நல்ல நீர் இருந்தால், அதை அப்படியே சற்றுக் குறைந்த பரப்புக்குப் பாய்ச்சுவதே லாபம். எனவே, நல்ல நிலத்துக்குக் கடல்நீரைக் கொண்டுவர வேண்டாம். ஆழ்துளைக் கிணறு ஏற்கெனவே உவராகிவிட்ட விவசாயிகள், உப்பைத் தாங்கும் புல்லுக்கு மாறலாம். அதற்குச் சில குறிப்புகள்:

1. நீரையும் மண்ணையும் பரிசோதித்து இ.சி. அளவை அறிந்த பிறகே புல்லைத் தேர்வு செய்யவும்.
2. முளைக்கும் பருவத்தில் புல் உப்பைத் தாங்காது. வேர் நன்கு பிடிக்கும் வரை நல்ல நீர் பாய்ச்சி, பிறகு உவர்நீரைப் படிப்படியாகக் கூட்டவும்.
3. வடிகால் அவசியம். சோடியம் மிகுந்த மண்ணுக்குப் பரிசோதனைப் பரிந்துரைப்படி ஜிப்சம் இடவும்.
4. இலை நுனி கருகுவதும், மேல்மண்ணில் வெள்ளை படிவதும் உப்பு கூடியதற்கு அறிகுறி. உடனே உவர்நீரை நிறுத்தவும்.
5. உவர்நீரில் வளர்ந்த புல்லை வைக்கோலுடன் கலந்து கொடுக்கவும். மாடு வழக்கத்தைவிட அதிகம் குடிக்கும். தொட்டியில் எப்போதும் நல்ல நீர் இருக்கட்டும்.

முதல் ஆண்டு சில சென்ட் நிலத்தில் மட்டும் செய்து பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் மண்ணை மீண்டும் பரிசோதித்து, உப்பு இறங்கியிருந்தால் மட்டுமே பரப்பைக் கூட்டுங்கள்.