நீர்நிலைகளை வரைபடம் வழியே கற்பித்தல்: சென்னையின் மேற்குப் புறநகர்

உலகின் ஆறுகளையும் ஏரிகளையும் பெருங்கடல்களையும் மாணவர்கள் தாமே வரைந்து அறிவது புவியியல் கல்வியில் நெடுங்காலமாக உள்ள முறையாகும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் தேர்வில் வரைபடத்தில் இடம் குறிக்கும் வினா உண்டு. அதற்காகக் கங்கை, காவிரி, கிருஷ்ணா ஆகியவற்றின் கோடுகளை மாணவர்கள் மனப்பாடமாகப் போட்டுவிடுகின்றனர். அந்தக் கோட்டில் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏன் அப்படி ஓடுகிறது என்று கேட்டால் பலர் தடுமாறுவர். நீர் வரைபடத்தில் முதலில் கற்க வேண்டியது பெயர் அல்ல, ஓடும் திசை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் இதைக் கற்பிக்க மிகவும் ஏற்றது.

மூன்று வடிநிலங்கள்

ஓர் ஆற்றுக்கும் அதன் துணையாறுகளுக்கும் மழைநீரைத் தரும் நிலப்பரப்பு முழுவதும் அந்த ஆற்றின் வடிநிலம் எனப்படும். அம்பத்தூர் ஏரிக்கும் செம்பரம்பாக்கம் ஏரிக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. இந்தச் சிறு தொலைவுக்குள் மூன்று வடிநிலங்கள் அடுத்தடுத்து வருகின்றன.

வடக்கே உள்ளது கொசஸ்தலையாற்று வடிநிலம். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அதுவும் நிரம்பினால் மாதவரத்தை ஒட்டிய இரட்டை ஏரிக்கும் போகும். மக்கள் வழக்கில் இது ரெட்டேரி. இத்தகைய தொடர் ஏரிச் சங்கிலி எனப்படுகிறது. நடுவில் கூவம் ஆறு பருத்திப்பட்டு, திருவேற்காடு, மதுரவாயல் வழியாக ஓடி நேப்பியர் பாலத்தருகே கடலில் கலக்கிறது. தெற்கே பூந்தமல்லிக்கு அப்பால் உள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்கிறது.

இந்த மூன்றையும் மூன்று நிறப் பென்சில்களால் வரையச் சொன்னால் ஒரு சிக்கல் எழும். அதுதான் பாடத்தின் சுவையான பகுதி. கூவம் தனி ஆறு போலத் தோன்றினாலும், தக்கோலம் அருகே கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிந்து வருகிறது. பின்னர் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் கூவத்தின் வெள்ளநீரில் ஒரு பகுதி பங்காரு கால்வாய் வழியே செம்பரம்பாக்கத்துக்குத் திருப்பப்படுகிறது. (அம்பத்தூரை அடுத்த கொரட்டூர் வேறு, இந்தக் கொரட்டூர் வேறு. பெயரை மட்டும் நம்பி வரைபவர்கள் இங்கே தவறுவது இயல்பு.) ஆக, மூன்று நிறங்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இதைப் பார்த்த மாணவருக்கு உலக வரைபடத்தில் இரண்டு இடங்களைக் காட்டலாம். வெனிசுவேலாவில் ஒரினோகோ ஆற்றிலிருந்து பிரியும் காசிகியாரே, ரியோ நீக்ரோவில் சேர்ந்து அமேசானுக்கு நீர் தருகிறது. இது இயற்கையாக அமைந்தது. சிகாகோ ஆறு முன்பு மிச்சிகன் ஏரியில் விழுந்தது. 1900-இல் கால்வாய் வெட்டி அதன் ஓட்டத்தைத் திருப்பி மிசிசிப்பி வடிநிலத்துக்குள் விட்டனர். கேசாவரத்தையும் பங்காரு கால்வாயையும் வரைந்த கைக்கு இவை புரியாத செய்திகளாக இருக்கா.

வீட்டுக் குழாயிலிருந்தும் இதே பயிற்சியைத் தொடங்கலாம். மகாராட்டிர மாநிலம் மகாபலேசுவரத்தில் தோன்றும் கிருஷ்ணாவின் நீர், ஸ்ரீசைலம், சோமசிலா, கண்டலேறு வழியாகக் கால்வாயில் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1996 முதல் வருகிறது. வீராணம் ஏரியிலிருந்து குழாய் வழியே காவிரி நீர் 2004 முதல் வருகிறது. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீர் குடிநீராக்கப்படுகிறது. ஆறு, ஏரி, கடல் மூன்றும் சென்னைக் குடிநீரில் உள்ளன.

அளவுகோல்

இந்தியாவின் பெரும் முக்கோணவியல் நில அளவை 1802-இல் வில்லியம் லாம்ப்டனால் இதே சென்னையில், பரங்கிமலைப் பகுதியில் அடிக்கோடு அளந்து தொடங்கப்பட்டது என்பதை வகுப்பில் சொல்லித் தொடங்கலாம். இன்றைய இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். முன்பு சொன்ன 15 கிலோமீட்டர் அந்தத் தாளில் 30 சென்டிமீட்டர் ஆகும். பள்ளி அடிக்கோலின் நீளம் சரியாக அவ்வளவே. ஐந்து கோடியில் ஒரு பங்கு அளவுள்ள உலக வரைபடத்தில் அதே தொலைவு 0.3 மில்லிமீட்டர், அதாவது பென்சில் முனைப் புள்ளி. உலக வரைபடத்தில் எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும்.

விடுபட்டவை சிறியவை என்று எண்ணிவிடக் கூடாது. 2015 டிசம்பர் முதல் நாளில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. ஒரு கன அடி 28.3 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளாகக் கணக்கிட்டால் விநாடிக்கு 68 லாரி. மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆகிய அடையாற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின, உயிர்கள் போயின. அங்கிருந்த பலருக்குத் தங்கள் வீடும் பூந்தமல்லி அருகே உள்ள ஓர் ஏரியும் ஒரே கோட்டில் இருப்பது அன்றுதான் தெரிந்தது. அந்தக் கோட்டைப் பதின்மூன்று வயதில் ஒருமுறை வரைந்திருந்தால் மறந்திருக்காது.

நீல நிறம் சொல்லாதது

அட்லசில் ஏரி எப்போதும் நீலமாகவே இருக்கும். 2019 ஜூனில் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. கைப்பேசி வரைபடத்தில் நீலம் மாறவில்லை. 1960-இல் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஏரல் கடல், ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகள் பருத்திப் பாசனத்துக்குத் திருப்பப்பட்டபின் சிறு துண்டுகளாகச் சுருங்கியது. பழைய அட்லசுகளில் அது இன்னும் முழு நீலம். நில அளவைத் தாள்கள் சற்று நேர்மையானவை. அவற்றில் நீர் ஓடும் ஆறு நீலத்திலும் வறண்ட ஓடை கறுப்பிலும் வரையப்படுகின்றன.

ஆகவே மாணவர் வரைபடத்தில் நீலப் பரப்போடு கரை, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய் ஆகியவற்றுக்கும் குறியீடு வேண்டும். கலங்கல் என்பது ஏரி நிரம்பியதும் உபரிநீர் தானே வழிந்து வெளியேறும் அமைப்பு. அதன் இடத்தைக் கண்டுபிடித்தால் அடுத்த ஏரி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் ஏரிப் புறம்போக்கின் பழைய எல்லை இருக்கும். அதன்மேல் இஸ்ரோவின் புவன் தளத்திலோ ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலோ உள்ள இன்றைய எல்லையை மெல்லிய தாளில் பிரதி எடுத்துப் பொருத்தினால், இடையில் நிற்கும் தெருக்கள் தாமே தென்படும். சில மாணவர்களின் வீடும் அதற்குள் இருக்கலாம். ஆசிரியர் அதைக் குற்றமாகப் பேசாமல் இருப்பது நல்லது.

கோட்டைக் கடற்கரையோடு நிறுத்தவும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலின் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கியும், பிப்ரவரிக்குப் பின் வடக்கு நோக்கியும் செல்கிறது. நவம்பரில் எண்ணூரில் கடல் சேரும் நீருக்கும் மார்ச்சில் சேரும் நீருக்கும் அம்புக்குறி வேறு வேறு திசையில் போட வேண்டும். ஒரே தாளை மே மாதம் ஒருமுறையும் டிசம்பர் மாதம் ஒருமுறையும் நிரப்பச் சொன்னால் இந்த அம்புகளோடு ஏரிகளின் நீலமும் மாறும். களப்பயணம் போகும்போது கரைமேல் நின்று பார்ப்பதே போதும், நீருக்குள் இறங்க விடக்கூடாது.