நாட்பட்ட மூத்திரப்பை வலியும் மெதுவான யோகாசனமும்

தலைவலி, கால்வலி என்றால் பிரட்டுக் களத்திலேயே நாலு பேரிடம் சொல்லிவிடுவோம். மூத்திரம் போகிற இடத்தில் வலி என்றால் வீட்டுக்காரரிடம் கூடச் சொல்ல மாட்டோம். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதால் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் துன்பப்படுகிற தாய்மார் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் எழுதப்படுகிறது.

"ஒன்னுக்குப் போய்ட்டு வந்து கா மணி நேரங்கூட ஆவல, மறுபடியும் முட்டுது. அடிவயிறு கனக்குது. போனா கொஞ்சம் சொகமா இருக்கு, அப்புறம் திரும்பவும் வலி. ராத்திரிக்கு நாலு தடவ எழும்ப வேண்டியிருக்கு." இப்படிச் சொல்பவர்களில் பலருக்குக் கிருமி இருக்கும். மருந்து குடித்தால் சுகமாகிவிடும். ஆனால் சிலருக்கு எத்தனை தடவை பரிசோதித்தாலும் மூத்திரத்தில் கிருமி இருக்காது. வலி மட்டும் போகாது. நாம் இங்கே பேசப்போவது இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

இது என்ன வருத்தம்?

மூத்திரப்பை என்பதை ஆஸ்பத்திரித் துண்டில் சிறுநீர்ப்பை என்றோ சலப்பை என்றோ எழுதியிருப்பார்கள். வளர்ந்தவர் ஒருவரின் பை ஏறக்குறைய அரை லீட்டர் வரை பிடிக்கும். பை நிரம்பும்போதுதான் போகவேண்டும் என்ற உணர்ச்சி வரவேண்டும். இந்த வருத்தம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் சேர்ந்தாலே பை வலிக்கும், அழுத்தும், எரியும். கிருமியோ வேறு தெளிவான காரணமோ இல்லாமல் இப்படி ஆறு வாரத்துக்கு மேல் இருந்தால் டொக்டர்மார் இதை மூத்திரப்பை வலி நோய் என்று சந்தேகிப்பார்கள். இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் என்பது இதன் பழைய பெயர். அமெரிக்க வைத்தியர் கை ஹன்னர் 1915 ஆம் ஆண்டிலேயே இந்த நோயாளர் சிலரின் பையின் உட்புறத்தில் காணப்படும் புண்களைப் பற்றி எழுதினார். எல்லோருக்கும் புண் இருப்பதில்லை. ஆண்களுக்கும் வரும், ஆனால் பெண்களுக்கே அதிகம். இது ஒட்டுவாரொட்டி அல்ல. கெட்ட நடத்தையால் வருவதும் அல்ல.

முதல் வேலை பரிசோதனை

அடிக்கடி மூத்திரம் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. கிருமி இருக்கலாம். சீனி வருத்தம் இருக்கலாம். கல் இருக்கலாம். ஆண்களுக்குப் புரஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கலாம். ஆகவே தோட்ட டொக்டரையாவிடம் சொல்லி மூத்திரத்தையும் இரத்தத்தில் சீனியையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். "போன மொற குடுத்த அதே குளிசைய குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டாம். கிருமி இல்லாதபோது அன்டிபயோட்டிக் குடித்தால் வலி தீராது. பிறகு உண்மையில் கிருமி வரும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகவும் கூடும்.

கிருமி இல்லை, ஆனாலும் வலி விடவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு கேளுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற இடங்களில் மூத்திர சம்பந்தமான நோய்களுக்கென்றே விசேட டொக்டர்மார் இருக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. வலியைக் குறைக்கும் குளிசைகளும், பைக்குள்ளேயே மருந்து விடும் முறையும் உண்டு.

பின்வரும் அறிகுறி ஒன்று இருந்தாலும் ஆசனம் செய்து பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம், உடனே டொக்டரிடம் போங்கள்: மூத்திரத்தில் இரத்தம், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கம் முதுகில் கடும் வலி, மூத்திரம் அடைத்துக்கொள்ளுதல். கர்ப்பிணித் தாய்மார் சின்ன எரிச்சல் என்றாலும் மிட்வைஃப் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

வலி ஏன் விடாமல் பிடிக்கிறது?

இடுப்பெலும்புகளுக்கு நடுவே, அடிப்பக்கத்தில், தொட்டில் சேலையைப் போலச் சில தசைகள் கட்டியிருக்கின்றன. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் இந்தத் தசைகளே தாங்குகின்றன. மூத்திரத்தை அடக்கும்போது இவை இறுகும். போகும்போது தளரும்.

கொழுந்து மலையில் என்ன நடக்கிறது? நிரையை விட்டுப் போக முடியாது, ஒதுங்க இடமும் கிடையாது. மூன்று நான்கு மணித்தியாலம் அடக்கிக்கொண்டே நிற்கிறோம். அதோடு வலியும் இருந்தால் அந்தத் தசைகள் பயத்தில் தாமாகவே இன்னும் இறுகும். கூடைக் கயிற்றை நாள் முழுக்கப் பிடித்த கை, சாயந்தரம் விரிக்கப் பார்த்தால் விரியாது அல்லவா? அதுபோல வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் இந்தத் தசைகள் இறுகியே இருக்கும். இறுகிய தசை தானே வலிக்கும். அந்த வலி பையின் வலியைக் கூட்டும். பை வலித்தால் தசை இன்னும் இறுகும். இப்படி ஒன்று மற்றதை வளர்க்கிறது.

மெதுவான யோகாசனம் உதவுவது இந்த இடத்தில்தான். யோகா இந்த வருத்தத்தைப் பூரணமாகக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இறுகிய தசையைத் தளர்த்தவும், மனப் பதற்றத்தைக் குறைக்கவும், கொஞ்சம் நல்ல தூக்கம் வரவும் அது உதவும். டொக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாமல் அதனோடு சேர்த்துச் செய்ய வேண்டும்.

இறுக்கும் பயிற்சி வேண்டாம்

பிள்ளை பெற்ற பிறகு தும்மினால், இருமினால் மூத்திரம் சிந்துகிற தாய்மாருக்கு அடித்தசையை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சியைச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆர்னல்ட் கீகல் என்ற வைத்தியர் 1948 இல் எழுதிய பயிற்சி அது. சிந்துவதற்கு அது நல்லது. ஆனால் மூத்திரப்பை வலிக்கு நேர் எதிர். ஏற்கனவே முடிச்சுப் போட்ட கயிற்றை இன்னும் இழுத்தால் என்னவாகும்? அமெரிக்க மூத்திர நோய் வைத்தியர் சங்கம் 2011 இல் வெளியிட்ட வழிகாட்டியில், இந்த நோயாளர்கள் அந்தப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. சிந்துவதும் வலியும் இரண்டுமே இருப்பவர்கள் டொக்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

இதே காரணத்தால் யோகாவிலும் மூலபந்தம், அசுவினி முத்திரை, உட்டியாண பந்தம், கபாலபாதி ஆகியவற்றை விட்டுவிடுங்கள். குப்புறப் படுத்து அடிவயிற்றை அழுத்தும் தனுராசனமும், உடம்பைப் பலமாக முறுக்கும் ஆசனங்களும் வேண்டாம்.

செய்யும் முறை

வேலை முடிந்து, படங்கை அவிழ்த்து, கைகால் கழுவி, மூத்திரம் போய்விட்டு ஆரம்பியுங்கள். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது கழிந்திருக்க வேண்டும். இடுப்பில் இறுக்கிய துணி இருக்கக் கூடாது. நமது லயக் காம்பிராவின் தரை குளிரும், அதனால் பாய்க்கு மேல் கம்பளி விரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாய் விரிக்கிற இடம் போதும். மொத்தம் இருபது நிமிடம்.

1. வயிற்று மூச்சு. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்துப் பாதங்களைத் தரையில் வையுங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை அடிவயிற்றில். மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்தால் வயிற்றுக் கை மட்டும் உயர வேண்டும். அப்போது அடித்தசையும் மெல்லக் கீழே இறங்குவதைக் கவனியுங்கள். விடும் மூச்சு, இழுத்ததை விட நீளமாக இருக்கட்டும். ஐந்து நிமிடம். மற்றதெல்லாம் முடியாத நாளில் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

2. பூனை ஆசனம். முழங்காலையும் கைகளையும் ஊன்றி நாலுகாலில் நில்லுங்கள். மூச்சை விடும்போது முதுகை மேலே வளையுங்கள், இழுக்கும்போது மெதுவாகக் கீழே இறக்குங்கள். எட்டுத் தடவை. நாள் முழுக்கக் கூடை சுமந்த முதுகுக்கும் இது சுகம்.

3. பாலாசனம். முழங்கால்களை அகலமாக வைத்து, குதிகாலில் உட்கார்ந்து முன்னால் குனிந்து, நெஞ்சுக்குக் கீழே தலையணை வைத்து அதன்மேல் சாயுங்கள். பத்து மூச்சு. முழங்கால் வலிப்பவர்கள் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடையில் மடித்த கம்பளி வைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுப் பக்கம் மெதுவாக அணைத்தால் போதும்.

4. படுத்தபடி பத்த கோணாசனம். மல்லாந்து படுத்து இரு உள்ளங்கால்களையும் சேர்த்து, முழங்கால்களை இரு பக்கமும் விரிய விடுங்கள். தொடை இழுபடாமல் இரு முழங்காலுக்குக் கீழும் தலையணையோ சுருட்டிய துணியோ கட்டாயம் வைக்க வேண்டும். மூன்று நிமிடம்.

5. சுவரில் கால். சுவருக்குப் பக்கத்தில் படுத்துக் காலிரண்டையும் சுவரில் சாய்த்து மேலே வையுங்கள். மலையேறி இறங்கிய காலுக்கும் நல்லது. ஐந்து நிமிடம். பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைச் செய்ய வேண்டாம்.

கடைசியில் சவாசனத்தில் மூன்று நிமிடம் படுத்திருந்து, பக்கவாட்டில் திரும்பி எழும்புங்கள். தசை இழுபடும் உணர்ச்சி இருக்கலாம், வலி இருக்கக் கூடாது. "பல்லக் கடிச்சிட்டு செஞ்சா சரியாயிரும்" என்ற எண்ணம் இங்கே உதவாது. நடுவில் மூத்திரம் முட்டினால் போய்விட்டு வந்து தொடருங்கள். பலன் ஓரிரு நாளில் தெரியாது. சில வாரங்கள் விடாமல் செய்து பாருங்கள்.

தண்ணீரும் தேத்தண்ணியும்

மலையில் ஒதுங்க இடமில்லையே என்று பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அப்போது மூத்திரம் காரமாகிப் பையை இன்னும் எரிக்கும். மூத்திரம் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். வைக்கோல் நிறத்துக்கு வரவேண்டும். ஒரேயடியாக ஒரு செம்பு குடிக்காமல், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

நாம் பறிக்கிற தேயிலையே சிலரின் பைக்கு ஆகாது என்பது கசப்பான உண்மை. தேத்தண்ணி, கோப்பி, சோடா, தேசிக்காய், தக்காளி, கொச்சிக்காய், சாராயம் ஆகியவை பலருக்கு வலியைக் கூட்டும். எல்லோருக்கும் எல்லாமே ஆகாது என்பதில்லை. இரண்டு வாரம் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள், உங்களுக்கு எது ஆகாது என்று தெரிந்துவிடும். ஒரேயடியாகத் தேத்தண்ணியை விட முடியாதவர்கள் சாயத்தைக் குறைத்துக் குடிக்கலாம். மலச்சிக்கலும் இந்த வலியைக் கூட்டும் என்பதால் கீரை, பருப்பு, மரக்கறி சாப்பிடுங்கள்.

வலி கூடிய நாளில் ஆசனங்களை விட்டுவிட்டு மூச்சுப் பயிற்சி மட்டும் செய்யுங்கள். சுடுதண்ணீர் போத்தலைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் வைத்தால் ஆறுதலாக இருக்கும்.

வீட்டாருக்கும் மற்றவர்களுக்கும்

இந்த வருத்தம் வெளியே தெரியாது. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. அதனால் "வேலக்கிப் போக சோம்பல்" என்று பேசுகிறோம். அப்படிப் பேச வேண்டாம். இரவில் நாலு தடவை எழும்பியவள் விடியற்காலையில் எழும்பிச் சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டு, பிரட்டுக்கும் வருகிறாள். அவளுக்கு இருபது நிமிடம் கிடைக்க, அடுப்படி வேலையில் ஒன்றை வீட்டுக்காரர் செய்யலாம். வலி இருக்கிற நாட்களில் தாம்பத்திய உறவும் வேதனை தரும், அதையும் புரிந்துகொள்ள வேண்டும்.

கங்காணிமார், நிரையை விட்டு ஒதுங்கப் போகிற பெண்ணைச் சத்தம் போட வேண்டாம். தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத்தாரும் கொழுந்து நிறுக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் தண்ணீரோடு கூடிய கக்கூஸ் கட்டித் தரும்படி நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். அடக்கி அடக்கி இறுகிய உடம்பைச் சாயந்தரம் ஆசனத்தால் தளர்த்திவிட்டு, மறுநாள் காலையில் திரும்பவும் இறுக்கினால் பலன் எப்படி நிற்கும்?

தாய்மாரே, உங்களுக்கு இந்தக் கஷ்டம் இருந்தால் ஒரு சின்னக் கொப்பியில் மூன்று நாளைக்குக் குறித்து வையுங்கள். பகலில் எத்தனை தடவை, இரவில் எத்தனை தடவை போனீர்கள், என்ன குடித்தீர்கள், எப்போது வலித்தது என்று எழுதினால் போதும். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லிக் கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியோடு டொக்டரிடம் போனால், வெட்கத்தால் வாய் சொல்லத் தயங்குவதைக் கொப்பி சொல்லிவிடும்.