'ஓகே.'ன்னா கோபமா சார்?

கேம்பஸ் இன்டர்வியூவுல செலக்ட் ஆகி, கழுத்துல ஐ.டி. கார்டு மாட்டிக்கிட்டு ஜம்முன்னு வேலைக்குப் போறீங்க. ராத்திரி கண் முழிச்சு ஒரு ரிப்போர்ட் தயார் பண்ணி மேனேஜருக்கு அனுப்பறீங்க. பதில் வருது: 'ஓகே.' அவ்வளவுதான். கூடவே ஒரு முற்றுப்புள்ளி! 'சாருக்குப் பிடிக்கலையோ?'ன்னு அன்னிக்கு முழுக்கச் சாப்பாடே இறங்காது, இல்லையா?

இது உங்களுக்கு மட்டும் இல்லீங்க. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்துல 126 மாணவர்களை வச்சு ஓர் ஆய்வு நடத்தி, 2015-ல வெளியிட்டாங்க. ஒற்றை வார்த்தை எஸ்.எம்.எஸ். பதிலோட கடைசியில புள்ளி இருந்தா, அது மனசார சொன்ன பதில் மாதிரி அவங்களுக்குத் தோணலையாம். அதே பதிலைக் கையால எழுதிக் காட்டினப்போ, புள்ளியால எந்த வித்தியாசமும் இல்லை!

உங்க மேனேஜர் பழகின உலகமே வேற. இன்னிக்கு அவருக்கு 55 வயசுன்னா, வேலைக்குச் சேர்ந்தது 90-களின் தொடக்கத்துல. அப்போ அவசரம்னா தந்தி. வார்த்தைக்குக் காசு. சுருக்கமா எழுதறதுதான் சாமர்த்தியம். 1995-ல செல்போன் வந்தப்போ, நமக்கு வர்ற காலுக்கும் நாமதான் காசு கட்டணும். தந்தி சேவை 2013 ஜூலையிலதான் நின்னுச்சு. அப்படிப் பழகினவர் 'ஓகே.'ன்னா, ஓகேதான்!

அவர் பக்கமும் கொஞ்சம் யோசிங்க. அவர் போன் பண்றார். நீங்க எடுக்காம 'என்ன சார்?'னு மெசேஜ் தட்டறீங்க. ரெண்டு நிமிஷத்துல பேசி முடிக்கிற விஷயம் இருபது மெசேஜா நீளுது. 'இந்தப் பையன் மதிக்கவே மாட்டேங்கறான்'னு அவர் மனசுல பதிஞ்சுட்டா, அப்ரைசல் நேரத்துல அடி உங்களுக்குத்தான்.

என்ன பண்ணலாம்?

* சேர்ந்த முதல் வாரமே கேட்டுடுங்க: "அவசரம்னா கால் பண்ணட்டுமா சார், மெசேஜ் போதுமா?"

* 'ஓகே.' பார்த்து சந்தேகமா? மனசுக்குள்ள புழுங்காதீங்க. நேர்ல போய் "ஏதாவது மாத்தணுமா சார்?"னு கேளுங்க.

* போன்ல முடிவானதை ரெண்டு வரி மெயில்ல எழுதி அனுப்புங்க. அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் பாதுகாப்பு.

இன்னும் பத்து வருஷத்துல நீங்களும் சீனியர்தான். நீங்க அனுப்பின ஸ்மைலியைப் பார்த்து, 'சார் பாராட்டறாரா, நக்கல் பண்றாரா?'ன்னு ஒரு ஜூனியர் முழிச்சுக்கிட்டு நிப்பார். அப்போ அவர் வந்து கேட்டா, கோபப்படாம பதில் சொல்லுங்க!