சென்னைக்கு எத்தனை மணி நேரம்?

சென்னையில் அண்ணன் காலமாகிவிட்டார். “மாலை 4 மணிக்கு எடுக்கிறோம்” என்று தோட்டத்திலிருக்கும் தங்கைக்குச் செய்தி வருகிறது. விமானம் கோலாலம்பூரிலிருந்து பகல் 12.30க்கு. பயணம் 4 மணி நேரம். “போய்ச் சேர 4.30 ஆகிவிடுமே, முகம் பார்க்க முடியாதே” என்று தங்கை அழுகிறார். அவர் கணக்கு சரிதானா? பார்ப்போம்.

கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். அந்நாளில் நம் முன்னோர் கப்பலில் பல நாள் கடந்த கடல் இது. இன்று ஏறத்தாழ 4 மணி நேரம்தான்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஆகவே கிழக்கே இருக்கும் நமக்குப் பொழுது முன்னதாக விடிகிறது. நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. முன்பு இந்த வேறுபாடு 2 மணிதான். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள்.

எனவே தங்கை இறங்கும்போது நமக்கு 4.30, சென்னையில் பிற்பகல் 2 மணிதான். அண்ணன் முகத்தைப் பார்த்துவிடலாம்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். சென்னையில் காலை 10க்கு ஏறினால், இங்கே இறங்க மாலை 4.30. ஆறரை மணி நேரப் பயணம் போலத் தோன்றும். உண்மையில் அதே 4 மணிதான்.

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது. சேரும் நேரம் சேரும் ஊருடையது. இதை நாம் மறவாதிருப்போம்.