கடல் மறக்காத பெயர்கள் – 11: ரே எமரி போட்ட வரைபடம்

சென்ற வாரம் ஸ்காபா ஃப்ளோவில் மூழ்கிய ராயல் ஓக் போர்க்கப்பலைப் பற்றிப் பார்த்தோம். அங்கே பலருக்குக் கப்பலே கல்லறையாகிவிட்டது. இந்த வாரம் சொல்லப்போகிறவர்களுக்கு உடல் கிடைத்தது, அடக்கமும் நடந்தது. பெயர் மட்டும் போய்விட்டது.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஹவாயின் பேர்ல் துறைமுகத்தில் காலை எட்டு மணிக் கொடியேற்றத்துக்குக் கப்பல்கள் தயாராகிக்கொண்டிருந்த நேரம். ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் வந்து தாக்கின. போர் அறிவிப்பு எதுவும் வந்திருக்கவில்லை. துறைமுகத்தின் ஆழம் சுமார் நாற்பது அடிதான். விமானத்திலிருந்து விழும் டார்பிடோ முதலில் ஆழமாகப் பாய்ந்து பிறகுதான் மேலேறும். இங்கே போட்டால் சேற்றில் குத்திக்கொள்ளும் என்பது அமெரிக்கக் கடற்படையின் நம்பிக்கை. ஜப்பானியர் மரத்தாலான துடுப்புகளைப் பொருத்தி அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டிருந்தார்கள்.

போர்க்கப்பல் ஓக்லஹோமா, ஃபோர்டு தீவோரம் மேரிலாண்ட் கப்பலுக்கு வெளிப்புறமாகக் கட்டப்பட்டிருந்தது. டார்பிடோக்கள் அதன் விலாவில் அடுத்தடுத்துப் பாய்ந்தன. கால் மணி நேரத்துக்குள் அவ்வளவு பெரிய கப்பல் கவிழ்ந்து, அடிப்பாகம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. உள்ளே உயிரோடு இருந்தவர்கள் இரும்புச் சுவரைத் தட்டினார்கள். கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள், ஜூலியோ டிகாஸ்ட்ரோ தலைமையில், அந்தத் தட்டும் ஓசையைப் பின்தொடர்ந்து அடித்தகட்டை வெட்டத் தொடங்கினார்கள். வாயுச்சுடரால் வெட்டினால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டியது. ஆகவே காற்றழுத்த உளிகளை எடுத்தார்கள். 32 பேர் வெளியே வந்தார்கள். 429 பேர் இறந்தார்கள். அன்று இறந்த சுமார் 2,400 பேரில் அரிசோனா கப்பலின் 1,177 பேருக்கு அடுத்தபடி பெரிய இழப்பு இதுதான்.

இதுவரை பலரும் அறிந்த கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது.

1943-ல் கப்பலை நிமிர்த்தினார்கள். உள்ளே இருந்த எச்சங்கள் 1944 வரை மீட்கப்பட்டன. நீரிலும் எண்ணெயிலும் அத்தனை காலம் கிடந்ததில் எலும்புகள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. ஹலாவா, நுவானு கல்லறைகளில் புதைத்தார்கள். 1947-ல் தோண்டியெடுத்து மறுபடி ஆராய்ந்தார்கள். பல் மருத்துவக் குறிப்புகளை வைத்து அடையாளம் கண்டது 35 பேரை மட்டுமே. எஞ்சியவர்களை ஹொனலூலுவின் பஞ்ச்பௌல் தேசியக் கல்லறையில் 46 குழிகளில் அடக்கம் செய்து, மேலே ‘அடையாளம் தெரியாதவர்’ என்று கல் வைத்தார்கள். அமெரிக்க அரசைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

முடியவிடாமல் செய்தவர் ஒரு கிழவர். ரே எமரி அந்த ஞாயிறன்று ஹொனலூலு என்ற குரூசரில் இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்ட இருபது வயது மாலுமி. முதுமையில் ஹவாயில் வந்து குடியேறினார். பேர்ல் துறைமுகத்தில் இறந்த பெயரற்றவர்கள் பஞ்ச்பௌலில் எங்கே கிடக்கிறார்கள் என்று கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வரிசை வரிசையாகத் தானே நடந்தார், பழைய அடக்கப் பதிவுகளை வரவழைத்தார், எந்தக் குழி எந்தக் கப்பலுடையது என்று வரைபடம் போட்டார். ஹவாய் காங்கிரஸ் உறுப்பினர் பாட்ஸி மிங்க் துணைநிற்க, கற்களில் கப்பலின் பெயராவது ஏறியது. அதோடு அவர் நிற்கவில்லை. ஆவணங்களைக் காட்டி, 2003-ல் ஓக்லஹோமா பெட்டி ஒன்றைத் திறக்கவைத்தார். ஐந்து பேர் இருப்பார்கள் என்று எதிர்பார்த்த பெட்டியில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் இருப்பதாக டி.என்.ஏ. சோதனை சொன்னது.

அந்த முடிவே தடையாகவும் ஆனது. இத்தனை கலந்து கிடப்பதைத் தொட வேண்டாம், கல்லறையின் புனிதம் கெடும் என்றது கடற்படை. அந்தத் தயக்கத்தை நான் அலட்சியமாகப் பேசமாட்டேன். உறங்குபவர்களை எழுப்பக்கூடாது என்று உண்மையிலேயே நம்பியவர்கள் உண்டு. ஆனால் தம்பி எந்தக் குழியில் கிடக்கிறான் என்று தெரியாமல் அக்கா செத்துப்போவதில் என்ன புனிதம்? 2015-ல் பாதுகாப்புத் துறை எல்லாக் குழிகளையும் திறக்க உத்தரவிட்டது. அப்போது கணக்கில் மீதி 388 பேர்.

சுமார் 13,000 எலும்புகள் நெப்ராஸ்காவின் ஆஃபட் விமானப்படைத் தள ஆய்வகத்தில் மேசைகளில் பரப்பப்பட்டன. தாய்வழி டி.என்.ஏ.வை ஒப்பிட, தாய்வழி உறவினர் ஒருவர் வேண்டும். எழுபது ஆண்டு கழித்து அக்கா மகளின் மகள், சித்தி மகளின் மகன் என்று தேடிப்போனார்கள். தொடர்பே இல்லாத பலருக்கு ஒரே தாய்வழிக் கூறு அமைந்திருந்தது. ஓக்லஹோமாவிலோ இரட்டையர் இருந்தார்கள், உடன்பிறந்த மூவர் இருந்தார்கள். ஒரு வயிற்றில் பிறந்தவர்களை இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. எலும்பின் நீளம், பல்லின் அடைப்பு என்று மறுபடி கையால்தான் பார்க்க வேண்டும். விஸ்கான்சினைச் சேர்ந்த அந்த மூன்று சகோதரர்களும் 2021-ல் அடையாளம் காணப்பட்டார்கள். மாலுமிகளைக் கப்பலின் சிறு சாளரம் வழியே வெளியே தள்ளிவிட்டுத் தான் உள்ளேயே இறந்த பாதிரியார் அலோசியஸ் ஷ்மிட், தாம் படித்த அயோவா கல்லூரிக்குத் திரும்பினார்.

350-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் கிடைத்தது. கிடைக்காத 33 பேரை 2021 டிசம்பர் 7 அன்று, எண்பதாம் ஆண்டில், பஞ்ச்பௌலிலேயே மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

எமரி அதைப் பார்க்கவில்லை. 2018 ஜூனில் ஹவாயை விட்டுக் கிளம்பும்முன், தன் கப்பல் நின்ற துறையை ஒருமுறை பார்க்க வேண்டுமென்றார். நூற்றுக்கணக்கான மாலுமிகள் வரிசையில் நின்று சல்யூட் அடித்தார்கள். இரண்டு மாதத்தில், 97 வயதில் காலமானார். ஆண்டுதோறும் டிசம்பர் 7-ல் மலர்வளையம் வைக்கிறார்கள், அது நடக்கட்டும். இறந்தவர்களுக்கு அவர் செய்ததையே நான் பெரிய மரியாதையாக நினைக்கிறேன்.

அவர் வரைபடத்தில் அரிசோனாவின் குழிகளும் உண்டு. அந்தக் கப்பலின் பெயர் தெரியாத மாலுமிகளைத் தோண்டியெடுக்கப் போதிய குடும்பங்களின் டி.என்.ஏ. வேண்டும் என்று அரசு நிபந்தனை வைத்தது. அந்தக் குடும்பங்களைத் தேடும் வேலையை உறவினர்களே கையில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் அவர்களைப் பற்றி.

(தொடரும்)