விழாவுக்குப் பின்னும் வாழும் அரங்கம்

கட்டடத்தின் அருமை திறப்பு விழாவில் தெரிவதில்லை, பயன்பாட்டில்தான் தெரிகிறது. ஒரு திங்கள் நடைபெறும் உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டிக்காகப் பல்லாண்டு நிற்கும் விளையாட்டரங்குகளை நாடுகள் எழுப்புகின்றன. போட்டி முடிந்தபின் அவற்றின் நிலை என்ன?

அளவை வகுக்கும் விதி

பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, அரங்குகளுக்கு இருக்கை வரையறை வகுத்துள்ளது. தொடக்கநிலை ஆட்டங்களுக்கு 40,000, அரையிறுதிக்கு 60,000, தொடக்க ஆட்டத்துக்கும் இறுதி ஆட்டத்துக்கும் 80,000 இருக்கைகள் வேண்டும். உள்ளூர் அணியின் ஆட்டத்தைக் காண எத்தனை பேர் வருவர் என்பது இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மனௌஸ் தரும் பாடம்

2014ஆம் ஆண்டுப் போட்டியைப் பிரேசில் 12 நகரங்களில் நடத்தியது. அவற்றுள் ஒன்று அமேசான் காட்டின் நடுவே அமைந்த மனௌஸ். பழங்குடியினர் முடையும் கூடையை நினைவூட்டும் வடிவில் அங்குப் புதிய அரங்கு எழுந்தது. அதற்கான எஃகுச் சட்டங்கள் போர்ச்சுகலில் உருவாக்கப்பட்டு, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, அமேசான் ஆற்றின் வழியே வந்து சேர்ந்தன. இத்துணை உழைப்பில் உருவான அரங்கில் நடைபெற்ற உலகக்கோப்பை ஆட்டங்கள் நான்கே. நாட்டின் முதல்நிலைத் தொடரில் ஆடும் அணி எதுவும் அந்நகரில் அப்போது இல்லை. விழா முடிந்தது; பராமரிப்புச் செலவு நின்றது.

இந்நிலையை மக்கள் முன்னரே உணர்ந்திருந்தனர். 2013 ஜூன் திங்களில் பேருந்துக் கட்டண உயர்வை எதிர்த்துத் தெருவில் திரண்டோர், ஃபிஃபா தரத்தில் மருத்துவமனைகளும் பள்ளிகளும் வேண்டும் என முழங்கினர். கால்பந்தை உயிராய்ப் போற்றும் நாட்டில் எழுந்த குரல் அது.

கத்தாரின் மாற்றுவழி

2022ஆம் ஆண்டுப் போட்டிக்கான எட்டு அரங்குகளுள் ஏழினைக் கத்தார் புதிதாகக் கட்டியது. அவற்றுள் ஒன்று, போட்டிக்குப்பின் கழற்றி வேறிடத்தில் பொருத்தத்தக்கவாறு சரக்குப் பெட்டகங்களையும் எஃகுச் சட்டங்களையும் கொண்டு அமைக்கப்பட்டது. வேறு சில அரங்குகளின் மேலடுக்கு இருக்கைகளை வளரும் நாடுகளுக்கு வழங்குவதாகவும் அந்நாடு அறிவித்தது. எனினும், பெட்டக அரங்கு 2024இலும் அங்கேயே நின்று ஆட்டங்களைக் கண்டது. பிரிக்கத்தக்கதாய் அமைப்பது வேறு; பிரித்து வழங்குவது வேறு.

*தெரிந்து தெளிவோம்*
பெட்டக அரங்கின் பெயர் ‘974’. அதில் பயன்பட்ட பெட்டகங்களின் எண்ணிக்கை அதுவே. கத்தார் நாட்டின் தொலைபேசிக் குறியீடும் அதுவே.

வியர்வையின் கணக்கு

கத்தாரில் அரங்குகளை எழுப்பியோருள் மிகப்பலர் நேபாளம், இந்தியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து சென்ற தொழிலாளர்கள். ‘கஃபாலா’ என்னும் முறைப்படி, வேலை அளித்தவரின் ஒப்புதலின்றி அவர்கள் வேறு பணிக்கு மாற இயலாதிருந்தது. உலகெங்கும் கண்டனம் எழுந்தபின், 2020இல் சட்டம் அத்தடையை நீக்கியது. 2021 முதல் திங்களுக்கு 1,000 ரியால் அடிப்படை ஊதியமும் உறுதிசெய்யப்பட்டது. அதற்குள் கட்டுமானப் பணியின் பெரும்பகுதி முடிந்திருந்தது.

அரங்கின் பெருமையை இருக்கைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் இயலாது. கட்டியவருக்கு உரிய நீதியும், விழாவுக்குப் பின் அவ்வூர்ச் சிறுவர்கள் ஆடுதற்கு இடமும் கிடைத்தனவா என்பதே உண்மையான அளவுகோல்.